எட்டு முட்டையும் ஒரு எலுமிச்சம்பழமும்

மொபட்டைப் பின்னால் தள்ளிய அந்த நொடியில் அர்த்தநாரியின் கண் எங்கே இருந்தது என்று கேட்டால், சட்டையின் கைமடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் பிசிறின் மேல் இருந்தது. அரை அங்குலம்கூட இருக்காது அந்தப் பிசிறு. அதை நகத்தால் கிள்ளிக்கொண்டே காலால் வண்டியை உந்தினார். பின்சக்கரம் எதன் மேலோ மெத்தென்று ஏறி இறங்கியது. ஒரு சத்தம் கேட்டது, அதுவும் முழுசாக வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ராமாயியின் செவலைக் கோழி வாசல் சிமென்டில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு இறக்கை மட்டும் விரிந்து மடங்கியது, இன்னொரு தடவை விரிந்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

கம்பெனியில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அர்த்தநாரி இருபத்தாறு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். தைத்து வந்த பீஸை ஒரு உதறு உதறி வெளிச்சத்தில் பிடித்தால் போதும், ஊசி பட்ட பொத்தல், எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவார். 'ரிஜெக்ட்' அர்த்தநாரி என்றால் நல்லூர் முழுக்கத் தெரியும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரையில் இழை விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதை மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டு வந்த ஆள். அந்த மகானுபாவரின் கண்ணில் முழுசாக ஒரு கோழி படவில்லை!

ராமாயி தினமும் காலையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "ஏனுங்க, அடைக்கோழி எரை எடுக்க இந்நேரந்தான் எறங்கும். வண்டிய பாத்து எடுங்க." அவரும் தினமும் "செரி, செரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. இருபது வருஷம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து முழங்கால் போய், இப்போது வீட்டோடு இருக்கிறவள். ஒரே மகள் தேஜஸ்ரீ கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். பகல் முழுக்க அந்த வீட்டில் ராமாயிக்குப் பேச்சுத் துணை செவலைதான். சீரியல் கதை, முழங்கால் வலி, அர்த்தநாரியின் அழிச்சாட்டியம், எதைச் சொன்னாலும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்கும். முதல் ஈட்டு முட்டைகளைக் கீரி கொண்டுபோனது. இரண்டாவது ஈட்டில் இடி இடித்து அத்தனையும் கூமுட்டையாகிவிட்டது என்பது ராமாயியின் கணக்கு. அதனால் மூன்றாவது ஈட்டுக்கு எல்லாம் முறைப்படி செய்திருந்தாள். அடை வைத்தால் ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று ஒன்பது முட்டை. இடிக்குக் காவலாகக் கூடையில் ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு. அன்று அடை வைத்து ஒன்பதாவது நாள்.

செவலையை இரண்டு கையாலும் எடுத்து முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் மூட்டையாகக் கிடந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு அள்ளு அள்ளி, ஒன்பது முட்டையையும் பொதிந்து, வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் அணைத்து, மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "ராமாயி, நான் பாக்கலே..." என்று அர்த்தநாரி ஆரம்பித்தார். அவள் அவரைத் தாண்டிக் கேஸ் சிலிண்டரைப் பார்த்து, "ஒம்பது நாளாச்சு. உள்ள உசுரு ஓடிக்கிட்டிருக்கும். ஆறுனாப் போச்சு" என்றாள். அத்தோடு சரி. அன்றைக்கு மூடிய வாய் அவரிடம் திறக்கவே இல்லை. சோறு ஆனதைச் சிலிண்டரிடம் சொன்னாள், தண்ணீர் வருவதைக் குடத்திடம் சொன்னாள்.

தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினார். அடையில் கோழி வைத்திருப்பவர் ஒருத்தரும் இல்லை. அதற்கெல்லாம் இப்போது மிஷின் இருக்கிறது, பல்லடம் ரோட்டில் கோழித் தீவனக் கடைக்காரர் ஒருத்தர் விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். செல்லில் தேடிப் பார்த்தால் விதவிதமாக வந்தது, ஆனால் எல்லாம் கைக்கு வர நாலு நாள். நாலு நாளா! அர்த்தநாரி கம்பெனிக்கு போன் போட்டு லீவு சொன்னார். ஷிப்மென்ட் வாரத்தில் அவர் லீவு கேட்டதைக் கேட்டு மேனேஜர், "அண்ணா, ஊட்ல யாருக்காச்சும் முடியலீங்களா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்காரர் பேர் மொக்கைச்சாமி. தேனிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, தூசி ஒத்துக்கொள்ளாமல் கோழிப் பக்கம் திரும்பியவர். கடையின் பின்கட்டில் ஏழெட்டு மிஷின்கள் வரிசையாக இருந்தன. பல்பு மாட்டிய தெர்மாகோல் பெட்டி, பளபளவென்று கண்ணாடி மூடி போட்டது, பீரோ மாதிரி ஆளுயரத்துக்கு ஒன்று. அர்த்தநாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தெரியாத இடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து விளிம்பைத் தடவி, திருகாணியை ஆட்டி, பெயின்ட் எங்கே வழிந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, மேல என்னத்தத் தேடுறீங்க? மொதத் தடவயா?" என்றார் மொக்கைச்சாமி. "பல்புப் பெட்டி உங்களுக்கு வேணாம். முட்டையக் கையால திருப்பிக்கிட்டே இருக்கணும், ஒருவேள மறந்தாக்கூட உள்ள இருக்கது ஓட்டோட ஒட்டிக்கிரும். தானாத் திருப்புறது, உள்ள விசிறி, கரன்ட் போனா பேட்டரியில ஓடணும். இந்த மூணையும் பாருங்க. மத்ததெல்லாம் சோடனை."

"சூடு எவ்வளவு வேணுமுங்க?"

"நமக்கு லேசாக் காய்ச்சல் அடிக்குமில்ல, நூறுக்கு அரை டிகிரி கம்மியா. அம்புட்டுத்தான்."

அர்த்தநாரி அவரையே பார்த்தார். அயர்ன் டேபிளில் கை வைத்தால் கொப்புளித்துவிடும் சூட்டையும், கொதிக்கக் கொதிக்கச் சாயம் ஏற்றும் சூட்டையும் பார்த்தவர் அவர். ஒரு துணி மடிப்பு நிற்பதற்கே அத்தனை சூடு வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லாத மஞ்சள் கருவிலிருந்து கண்ணும் மூக்கும் நகமும் வருவதற்கு, அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து 'லேசாச் சுடுது, பள்ளிக்கோடம் போக வேண்டாம்' என்பாளே, அந்தச் சூடு போதுமா? அது எப்படி என்று கேட்க வாயெடுத்தார். கேட்கத் தெரியவில்லை.

பக்கத்து மெடிக்கலில் போய்க் காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிவந்தார். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களுக்குள் அரை அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். கண்ணாடி மூடி போட்டது திரையில் சரியான அளவைத்தான் காட்டியது, தெர்மாமீட்டர் நூற்றிரண்டுக்கு ஏறியிருந்தது. "ரிஜெக்ட்" என்றார். இன்னொன்றிலும் ஒரு டிகிரி கூட. அதுவும் ரிஜெக்ட். மொக்கைச்சாமிக்கு முகம் மாறியது, ஆனால் அந்த இரண்டையும் தானே எடுத்து ஓரமாக வைத்தார். வீட்டில் முட்டை ஆறிப்போகுமே என்று அர்த்தநாரி தவித்தபோது, "குளுரு கொஞ்சம் தாங்கும்ணே. தாய்க்கோழி எரைக்குப் போறப்ப ஆறத்தான செய்யுது? சூடு எச்சாச்சுன்னாத்தான் போச்சு. நீங்க பாக்குறது சரிதான், நிதானமாப் பாருங்க" என்றார்.

கடைசியில் தெர்மாமீட்டர் மயிரிழை பிசகாமல் நின்ற மிஷின் எது தெரியுமா? ஜன்னல் மாதிரி கண்ணாடி பதித்த மூடியில் கீறல் விழுந்து, நாலு திருகாணியில் ஒன்று வேறு நிறமாக, வயர் நுழையும் இடத்தில் டேப் சுற்றி, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு மஞ்சள் பெட்டி. கம்பெனியாக இருந்தால் அதன் மேல் ஒட்டச் சிவப்பு ஸ்டிக்கர் பத்தாது. அதைத்தான் மொபட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். புறப்படும்போது மொக்கைச்சாமி ஒன்று சொன்னார். "பதினெட்டாம் நாளு திருப்புறத நிப்பாட்டிட்டு, உள்ள ஈரம் நிக்கத் தண்ணி எச்சா ஊத்துங்க. பொறவு மூடியத் தெறக்காதீங்க. குஞ்சு வர நேரமாகுதேன்னு ஓட்டை உரிச்சு விட்றாதீங்க, ரத்தம் போயிரும். அதுக்கு நம்ம ஒத்தாசை வேணாம்."

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ராமாயி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கால் மரத்து, எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். அவர் கை கொடுத்தார், அதைப் பார்க்காதவள் போலச் சுவரையே பிடித்துக்கொண்டாள். ஒன்பது குழியில் ஒன்பது முட்டையை அவளே வைத்தாள். மூடி மூடியதும் உள்ளே போய் இரும்பாணியையும் கரித்துண்டையும் எடுத்துவந்து மூடியின் மேல் வைத்தாள். வேறு நாளாக இருந்தால் அர்த்தநாரி இதற்கு ஒரு பாட்டம் பேசியிருப்பார். அன்று ஆணி சரியாமல் இருக்க அதை டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று செல்லில் படித்திருந்தார். கம்பெனியிலிருந்து தீர்ந்துபோன ஒரு நூல் கோனை எடுத்துவந்தார். அடியில் அகலமாகவும் நுனியில் ஓட்டையாகவும் இருக்கும் அட்டைக் கூம்பு. செல் டார்ச்சின் மேல் அதைக் கவிழ்த்து, நுனியில் முட்டையை வைத்தார். ஜன்னலைச் சாத்தினார்.

முட்டை உள்ளிருந்து செக்கச்செவேலென்று எரிந்தது. அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்ட சிவப்பு இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓட்டின் உள்சுவர் முழுக்கப் படர்ந்திருந்தன. இருபத்தாறு வருஷமாக இழைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அது. தன்னையறியாமல் பின்னல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிச்சு என்று தேடியது. ஆரம்பமும் இல்லை, முடிச்சும் இல்லை, ஒரு இழைகூட வீணாக ஓடவில்லை. நடுவில் கருப்பாக ஒன்று. அது அசைந்தது. அர்த்தநாரிக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. "அட சாமி!" என்றார் வாய்விட்டு. அடுக்களைக் கதவோரம் ராமாயியின் சேலை நுனி தெரிந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எட்டு முட்டை அப்படி எரிந்தன. ஒன்பதாவது எரியவில்லை. ஓடு தடிமனாக, காவி நிறமாக இருந்த முட்டை அது. எப்படித் திருப்பினாலும் உள்ளே ஒரே மங்கல். அது செத்திருந்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுத்துவிடும் என்று படித்தது ஞாபகம் வந்தது. ராமாயி விளக்கு வைக்க உள்ளே போயிருந்தாள். அவர் கம்பெனியில் செய்வதைச் செய்தார். சந்தேகமான பீஸ் என்றால் பேச்சே கிடையாது, வெட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒன்றை வெட்டினால் அந்த லாட்டில் மிச்சமுள்ள பீஸெல்லாம் தப்பிக்கும். பின்கட்டுக்கு எடுத்துப் போய், ஒரு கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார்.

கிண்ணத்தில் விழுந்தது குஞ்சு.

கட்டை விரல் பருமன்கூட இல்லை. மூடிய பெரிய கண், மெழுகு மாதிரி அலகு, கால் விரல்களில் நகம்கூட முளைத்திருந்தது. முதுகில் ஈரப் பிசிறாக இறகு வரத் தொடங்கியிருந்தது. நெஞ்சோரம், கண்ணாடிப் பேப்பர் மாதிரியான தோலுக்கு அடியில், ஒரு மிளகளவு இடம் துடித்துக்கொண்டிருந்தது. துடித்தது, துடித்தது, துடித்தது. அவ்வளவு சின்னதற்கு இத்தனை வேகமா! அர்த்தநாரி கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடினார், ஊதினார், மறுபடி முட்டைக்குள் வைத்துவிடலாம் என்பது போல ஓடுகளைத் தேடினார். ஒரு குறை இல்லை அதில். எங்கு தேடினாலும் ஸ்டிக்கர் ஒட்ட இடம் இல்லை. துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு வந்து, பிறகு வரவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

மறைத்திருக்கலாம். வெடித்துவிட்டது என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ராமாயியின் முன்னால் வைத்தார். "உசுரோட இருந்துச்சு ராமாயி. நாந்தான் ஒடச்சேன். செவலையும் நாந்தான், இதும் நாந்தான்" என்றார். ஐம்பத்திரண்டு வயசு ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

ராமாயி கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில், செவலையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழி தோண்டினாள். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே குழாயைப் பார்த்து, "எட்டு ஆகாது" என்றாள். காலையில் அர்த்தநாரி மிஷினைப் பார்த்தபோது ஒன்பதாவது குழியில் ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. மிஷின் தட்டைச் சாய்த்தபோது எட்டு முட்டையோடு அதுவும் மெதுவாகப் புரண்டது. அவர் அதை எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறபோதெல்லாம் அதற்கும் சேர்த்துத்தான் தெர்மாமீட்டர் பார்த்தார்.

அடுத்த எட்டு நாளும் அந்த மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிடந்தார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மொபட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து சூடு பார்த்துவிட்டுப் போனார். கிளம்பும் முன்னால் வண்டியின் முன்னும் பின்னும் குனிந்து பார்த்தார், அங்கே கோழியே இல்லை என்றாலும். செக்கிங் டேபிளில் ஒரு பீஸை உதறிப் பிடித்தவர், அதை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்பதைக் கண்டு, "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எட்டு முட்டைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று, கோவிலுக்கே போகாதவர், போகிற வழியில் இருந்த பிள்ளையாருக்கெல்லாம் கும்பிடு போட்டார். அந்த எட்டும் போனால் வீட்டில் சிலிண்டருக்கும் குடத்துக்கும்தான் பேச்சு நடக்கும், ஆயுசுக்கும்.

பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, திருப்பும் தட்டை எடுத்துவிட்டு முட்டைகளைப் பெட்டியின் அடியிலேயே பரப்பினார்கள். எலுமிச்சம்பழம் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது, அதையும் நடுவில் வைத்தாள் ராமாயி. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முட்டையில் மிளகளவு ஓடு பெயர்ந்து நின்றது. உள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். அர்த்தநாரி மூடியில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டார். ஆனால் அத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் அதே ஓட்டை. எட்டு மணிக்கும் அதே ஓட்டை. ஒன்பது மணிக்கு அதன் வழியாக அலகின் நுனி தெரிந்தது, இரண்டு தடவை திறந்து மூடியது, பிறகு அசைவில்லை. கீச்சும் இல்லை.

பத்து மணி வரை பொறுத்துப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பில் வெள்ளைத் தோல் ஒரு பிசிறாக நீட்டிக்கொண்டு அலகை மறித்தது. அதுதான் தடுக்கிறது, அந்த ஒரு பிசிறுதான். மொக்கைச்சாமி சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. அதற்காக, கண்ணெதிரே மூச்சு முட்டிச் சாகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும், நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தார். கம்பெனியில் டிரிம்மர் என்பார்கள், விரலுக்குள் அடங்கிவிடும். மூடியின் மேல் ஒட்டியிருந்த ஆணியை நகர்த்தினார். மூடியின் விளிம்பில் கை வைத்தார்.

"கத்திரியக் கீழ வைங்க."

கைக்குள் இருந்த கத்திரி நழுவியே விட்டது. பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் அவரைப் பார்த்து வந்த முதல் பேச்சு. ராமாயி பக்கத்தில் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அது வருமுங்க. இத்தன நாளும் நீங்களா செஞ்சீங்க? உள்ள அதுபாட்டுக்கு எல்லாஞ் செஞ்சுகிச்சு. இதையும் செஞ்சுக்கும். சும்மா ஒக்காருங்க."

சும்மா உட்கார்வது அர்த்தநாரி வாழ்க்கையில் செய்யாத வேலை. உட்கார்ந்தார். பக்கத்து யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றேகாலுக்கு அலகு மறுபடி அசைந்தது. 'டிக்'. ஓட்டையின் வலது பக்கம் ஒரு சில்லு பெயர்ந்தது. கொஞ்சம் ஓய்வு. 'டிக்'. உள்ளே இருந்தது தன்னைத்தானே மெல்லத் திருப்பிக்கொண்டு, ஓட்டைச் சுற்றி ஒரே சீராக வெட்டிக்கொண்டு போனது. எந்தக் கட்டிங் மாஸ்டரும் அளவுநாடா இல்லாமல் அப்படி ஒரு வட்டம் வெட்ட மாட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு? தாய் முகத்தைக்கூடப் பார்க்காத ஜீவன். அர்த்தநாரி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கி, வட்டம் இரண்டாகத் தெரிந்தது.

"வா கண்ணு, மெல்ல வா. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் ராமாயி கண்ணாடிக்கு இப்புறமிருந்து.

வெட்டு முடிந்ததும் உள்ளிருந்து ஒரு உதை. மூடி திறந்தாற்போல ஓடு விலகி, ஈரமும் கோழையுமாக ஒன்று வழுக்கி விழுந்தது. பார்க்கச் சகிக்காது, கழுத்து நிற்கவில்லை, கால் ஒரு பக்கம் கிடந்தது. அது தலையைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. ராமாயி அவர் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மூன்று மணிக்கு அது உலர்ந்து, செவலையின் நிறத்திலேயே பஞ்சாக நின்றது. வேறு எதிலும் ஓட்டை விழாததால் ராமாயி மூடியை ஒரு கை நுழையும் அளவு தூக்கி, குஞ்சை எடுத்துக்கொண்டு உடனே மூடினாள். அர்த்தநாரியின் கண் பழக்கப்படி போய் நின்றது இடது காலின் நடுவிரலில். நுனியில் லேசாக வளைந்திருந்தது. ராமாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"புடிங்க" என்றாள். "பாத்துப் புடிங்க."

இரண்டு கையையும் குவித்து நீட்டினார். கனமே இல்லை, ஆனால் சூடாக இருந்தது. லேசான காய்ச்சல் சூடு. குஞ்சு அவர் விரலிடுக்கில் தலையைப் புதைத்துக்கொண்டது. அதன் நெஞ்சு உள்ளங்கையில் அழுந்தியபோது அவருக்கு அது தெரிந்தது. மிளகளவு இடம். அதே வேகம். துடித்தது, துடித்தது, துடித்தது. நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நிற்கவில்லை.

மஞ்சள் பெட்டிக்குள் ஏழு முட்டைகளும் பேசாமல் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருக்கையில் ஓரத்து முட்டை ஒன்று லேசாக ஆடி, பக்கத்திலிருந்த காய்ந்த எலுமிச்சம்பழத்தை இடித்தது. பழம் அரை வட்டம் புரண்டு நின்றது.